முதலில் தரையைத் தொடுவது எது?

மோட்டார்சைக்கிளைச் சாலையோரம் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எஞ்சினுக்கு முன்னால் மாட்டியிருந்த இரும்பு வளையமான கிராஷ் கார்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். நான்கு விரல் நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட் போய், உள்ளே இருந்த இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. உருண்டைக் குழாய் அந்த இடத்தில் மட்டும் அரம் போட்டதுபோல் தட்டையாகியிருந்தது. பின் ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று கிளம்பி நின்றது. கையுறையைக் கழற்றியிருந்ததால் கட்டைவிரலில் குத்தியது. இரும்பில் இன்னும் சூடு இருந்தது.

மனைவி கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "என்னங்க அது சத்தம்? எது மேலயாவது ஏத்திட்டீங்களா?" என்றாள்.

"இல்ல, கார்டு தரையில உரசிடுச்சு."

"கார்டா? அது நமக்கு அடிபடாம இருக்கத்தானே போட்டீங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. "ஆமா, ஆனா..." என்று ஏதோ மென்று முழுங்கிவிட்டு வண்டியை எடுத்தேன். வீடு வரும்வரை முப்பதைத் தாண்டவில்லை. அதற்கப்புறம் பல மாதங்கள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கார்டைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். பலகை வைத்து அளந்தேன். பழைய ஆய்வு ஒன்றைத் தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் சண்டை போட்டேன். முழுத் தெளிவு வந்துவிட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் தப்பான கேள்வியைத்தான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் புரிந்தது.

கார்டு வந்த கதை

முதலில் கார்டுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அதை நான் அழகுக்காகப் போடவில்லை. வண்டி கிட்டத்தட்ட இருநூறு கிலோ. வாங்கிய புதிதில் குறுகலான இடத்தில் யு-டர்ன் அடித்தேன். ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருந்தபோது, நடக்கும் வேகத்தில், முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அந்த நிலையில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தொப்பென்று உள்பக்கம் சாயும். சாய்ந்தது. இருநூறு கிலோவைக் காலால் தாங்கிவிடலாம் என்று உடம்பு நினைத்தது. கணுக்கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே பாதம் மாட்டி, இரண்டு பேர் வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தேன். எலும்பு முறியவில்லை. மூன்று வாரம் நொண்டினேன்.

அதற்கடுத்துதான் கார்டு போட்டேன். கடையில் இருந்ததிலேயே அகலமானது, கனமானது. வளையம்போல் எஞ்சினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை என்று அப்போது பெருமையாகவே இருந்தது. சில வாரம் கழித்துச் சரிவில் நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டு சரியாக விழாமல் வண்டி மறுபடி கவிழ்ந்தது. இந்தத் தடவை கார்டின் மேல் சாய்ந்து, பாதி படுத்த மாதிரி நின்றுவிட்டது. காலை நிதானமாக உருவிக்கொண்டேன். டேங்கில் ஒரு கீறல் இல்லை. போட்ட காசு அன்றைக்கே திரும்பி வந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன்.

கார்டு மாட்டிய அதே நாளில் இன்னொரு வேலையும் செய்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஃபுட்ரெஸ்ட்டின் முனையில் கீழ்நோக்கித் தொங்கும் ஆணி மாதிரி ஒரு போல்ட் இருக்குமே, அது இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். வண்டியைத் துடைக்கும்போது துணி அதில் மாட்டும், பார்க்கவும் அசிங்கம். கார்டே வந்துவிட்டது, இந்த ஆணி எதற்கு என்ற எண்ணம்.

அந்த வளைவு

இறக்கம். இடப்பக்கம் திரும்பும் வளைவு. உள்ளே போகப் போக இறுகுகிற வகை. வேகம் நாற்பத்தைந்து இருக்கும். பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் கட்டிய பை. தார் நன்றாக இருந்தது. வளைவின் பாதியில் லேசாக ஒரு பள்ளம், தட்டு மாதிரி. சாய்ந்து போய்க்கொண்டிருக்கும்போது சக்கரம் அதில் இறங்கியது.

க்ர்ர்ர் என்று ஒரு சத்தம். காதில் கேட்டதற்கு முன்னால் உள்ளங்காலில் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த கணமே ஹேண்டில் லேசாகிவிட்டது. பூவைப் பிடித்ததுபோல் கையில் கனமே இல்லை. முன் சக்கரம் ஒரு சாண் வெளியே நழுவியது. வயிற்றில் புளியைக் கரைத்தது. பயத்தில் ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டேன். சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அப்புறம் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தால், ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாக வண்டியை நிமிர்த்தியது. நிமிர்ந்த வண்டி வளையுமா? நேராகப் போய் நடுக்கோட்டைத் தாண்டி, எதிர்த் தடத்தில் நாலைந்து வண்டி நீளம் ஓடி, பிறகுதான் என் பக்கத்துக்கு வந்தது. எதிரே யாரும் வரவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுத முடிகிறதென்றால் அந்த ஒரு காரணத்தால்தான். என் திறமைக்கு அதில் பங்கில்லை.

கால் நொடியா அரை நொடியா, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு நிறைய நாள் பிடித்தது. ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் அதில் நான் செய்த தப்பு ஒன்று கூடிக்கொண்டே போனது.

முதல் விஷயம், ஹேண்டில் ஏன் லேசானது? கார்டு இருப்பது முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், வண்டியின் எடைமையத்துக்கு முன்னால். அது தரையில் ஊன்றியதும் முன்பக்கத்து எடையில் ஒரு பங்கைக் கார்டே வாங்கிக்கொள்கிறது. கார்டு வாங்கிய அளவுக்கு டயர் இழக்கிறது. டயரின் பிடி அதன் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. எடை போனால் பிடியும் போகும். இன்னும் இரண்டு டிகிரி சாய்த்திருந்தால் கார்டு நெம்புகோலாகி முன் சக்கரத்தைத் தரையிலிருந்தே தூக்கியிருக்கும். இரும்புக் குழாய்க்குத் தார் மேல் வளைந்து போகத் தெரியாது. நேர்க்கோட்டில் சறுக்க மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் ஏன் கூடியது? விட்டவுடன் எடை முன்னால் பாயும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கும். அமுங்கினால் கார்டு இன்னும் கீழே வரும். அதாவது உரசுகிறதே என்ற பயத்தில் நான் செய்த முதல் காரியம் உரசலை அதிகமாக்கியது. மூன்றாவது, மனைவி. சத்தம் கேட்டதும் அவள் வெளிப்பக்கமாக நிமிர்ந்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் மேலிருக்கும் உடம்பு வெளியே போனால், அதே வளைவை எடுக்க வண்டி இன்னும் உள்ளே சாய வேண்டும். செய்திருக்க வேண்டியது நேர் எதிரானது: ஆக்சிலரேட்டரை அப்படியே பிடித்து, தோளையும் தலையையும் வளைவின் உள்பக்கம் இறக்கி, வண்டியை ஓரிரு டிகிரி நிமிர விட்டிருக்க வேண்டும். பந்தயக்காரர்கள் முழங்காலைத் தொங்கவிட்டு உடம்பை உள்ளே இறக்குவதன் அடிப்படையும் இதுதான். உடம்பு உள்ளே போன அளவுக்கு, அதே வேகத்தில் வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும்.

கொஞ்சம் கணக்கு

சாய்வுக் கணக்கு ரொம்ப எளிது. வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். இதில் வண்டியின் எடை வருவதே இல்லை. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 40 கிலோமீட்டரில் எடுத்தால் 32 டிகிரி சாய வேண்டும். அதையே 50-இல் எடுத்தால் 44 டிகிரியைத் தாண்டுகிறது. வேகமானியில் பத்துதான் கூடியது, சாய்வில் பன்னிரண்டு டிகிரி கூடிவிட்டது. இது மெல்லிய சக்கரத்துக்கான ஏட்டுக் கணக்கு. நிஜ டயருக்கு அகலம் உண்டு. சாயச் சாயத் தரையைத் தொடும் இடம் உள்பக்கம் நகர்ந்துவிடும். அதனால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் சாய வேண்டும்.

இன்னொரு பக்கம், வண்டி எவ்வளவு சாய முடியும் என்பது தரையிலிருந்து ஒரு பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. நிறையப் பேர் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான். கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று விளம்பரத்தில் போடுவது எஞ்சினுக்குக் கீழே உள்ள இடைவெளி. வேகத்தடையைத் தாண்ட அது போதும். வளைவுக்கு வேண்டியது வேறு, ஓரத்து இடைவெளி. மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே, 22 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குழாய் இருந்தால் அது சுமார் 36 டிகிரியில் தரையைத் தொடும். உயரத்தை மாற்றாமல் 4 சென்டிமீட்டர் மட்டும் வெளியே தள்ளினால் 33 டிகிரி ஆகிவிடும். அகலமான கார்டுதான் காலை நன்றாகக் காப்பாற்றும் என்று தேடித் தேடி வாங்கினேனே, அந்த அகலத்துக்கு நான் கொடுத்த விலை அது.

இதெல்லாம் வண்டி ஆடாமல் நிற்கும்போது எடுத்த அளவு. ஓடும்போது கணக்கு இன்னும் மோசம். வளைவில் சஸ்பென்ஷன் மேல் விழும் பாரம் கூடுகிறது: 30 டிகிரிச் சாய்வில் 15 சதவீதம், 45 டிகிரியில் 41 சதவீதம். ஸ்பிரிங் அந்த அளவுக்கு அமுங்கும். அதன் மேல் பின்னால் ஒரு ஆள், ஒரு பை, நடுவில் ஒரு பள்ளம். சாலையே வெளிப்பக்கம் சரிந்திருந்தால் அதிலும் கொஞ்சம் இடைவெளி போகும். ஐந்து சதவீதச் சரிவு என்பது ஏறக்குறைய 3 டிகிரி.

இதை எழுதும்போது பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் வண்டிகள் நினைவுக்கு வருகின்றன. 1923-இல் வந்த ஆர்32-இலிருந்தே எஞ்சின் சிலிண்டர் இரண்டும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் வடிவம். சாய்த்தால் தரையைத் தேடுவது எஞ்சினேதான். போதாக்குறைக்குப் பழைய மாடல்களில் பின் சக்கரத்தைச் சுழற்றச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின்பக்கம் எழும்பும், விட்டால் இறங்கும். வளைவின் நடுவில் பயந்து விட்டவர்களுக்கு, எந்த நேரத்தில் இடைவெளி வேண்டுமோ சரியாக அந்த நேரத்தில் வண்டி உட்கார்ந்துவிடும். அப்படியும் 1976-இல் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கமான ஏஎம்ஏவின் முதல் சூப்பர்பைக் பந்தயப் பட்டத்தை ரெஜ் பிரிட்மோர் வென்றது ஆர்90எஸ் என்ற பாக்ஸரில்தான். தன் வண்டி எங்கே, எப்போது தரையைத் தொடும் என்று அந்த மனிதருக்குக் கடைசி மில்லிமீட்டர் வரை தெரிந்திருக்க வேண்டும். எனக்கு என் வண்டியில் அதுதான் தெரியவில்லை.

பலகை, போன், மெக்கானிக் அண்ணன்

தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்த ஒரு ஆள், நேரான பலகை ஒன்று, கோணம் காட்டும் போன். பலகையின் ஒரு ஓரத்தை டயரின் பக்கவாட்டு வளைவில் ஒட்டி வைத்து, மறுபக்கத்தைப் பாகத்தைத் தொடும்வரை தூக்க வேண்டும். பலகை தரையோடு எடுக்கும் கோணம்தான் அந்தப் பாகத்தின் எல்லை. கார்டு ஒன்று, ஃபுட்ரெஸ்ட் ஒன்று, சென்டர் ஸ்டாண்டு ஒன்று, சைலன்சர் ஒன்று என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்தக் கழற்றிய ஆணிகளையும் டப்பாவிலிருந்து தேடி மாட்டிப் பார்த்தேன்.

யாரும் உட்காராதபோது ஆணி 42 டிகிரி, கார்டு 39. நான் உட்கார்ந்ததும் கார்டு 36. மனைவியும் பையும் ஏறியதும் 33. மெத்தென்ற அந்த சஸ்பென்ஷனை எவ்வளவு பாராட்டியிருக்கிறேன்! 33 டிகிரி என்றால் 25 மீட்டர் ஆர வளைவில், கணக்குப்படி, மணிக்கு 45 கிலோமீட்டர். அன்று நான் போன வேகம். பள்ளமே இல்லாவிட்டாலும் விளிம்பில்தான் போயிருக்கிறேன்.

ஆனால் பலகையைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் 33 என்ற எண் இல்லை. எண்களின் வரிசை. என் வண்டியைச் செய்தவர்கள் ஒரு வரிசை போட்டு வைத்திருந்தார்கள்: முதலில் ஆணி, அடுத்து ஃபுட்ரெஸ்ட், அதற்கப்புறம் ஸ்டாண்டும் சைலன்சரும். ஃபுட்ரெஸ்ட் ஸ்பிரிங் போட்டு மேலே மடங்கும். தரை தள்ளினால் விட்டுக்கொடுக்கும். டயரிலிருந்து எடையைப் பிடுங்காது. அந்த ஆணி தரையில் கீச்சென்று உரசுவது, "போதும்பா" என்று வண்டி சொல்லும் வார்த்தை. அதைக் கேட்ட பிறகும் திருத்திக்கொள்ள நாலு டிகிரியோ ஐந்து டிகிரியோ மிச்சம் இருக்கும். நான் கார்டு போட்டதும் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. மடங்காத பாகம் முன்னால் வந்துவிட்டது. சொல்ல வேண்டிய ஆணியையோ கழற்றியே விட்டேன். சரி, ஆணி இருந்திருந்தாலும் கார்டுதான் மூன்று டிகிரி முந்தியிருக்கும். அந்த மட்டில் ஆணியைக் கழற்றிய குற்றத்திலிருந்து பாதி விடுதலை. எத்தனை டிகிரி சாயலாம் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தொடுவது எது, அது மடங்குமா மடங்காதா என்று கேட்டிருக்க வேண்டும்.

பந்தய விதிகளும் இதே கவலையில் பிறந்தவைதான். உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் விதிப்படி ஃபுட்ரெஸ்ட்டின் முனை குறைந்தது 8 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டையாக இருக்க வேண்டும், தரையில் குத்தி நிற்காமல் வழுக்கிப் போகட்டும் என்று. மோட்டோஜிபி பந்தய வண்டிகள் 60 டிகிரிக்கு மேல் சாய்கின்றன. அங்கே இரண்டு பக்கமும் இரும்பு வளையம் நீட்டிக்கொண்டு ஒருவரும் வர மாட்டார்கள். க்ரூஸர் வண்டிகளோ முப்பது டிகிரியை ஒட்டியே உரச ஆரம்பிக்கும் தாழ்வான வடிவம். கார்டு அதிகம் தென்படுவதும் அவற்றில்தான். இருக்கிற கொஞ்சத்திலும் கை வைக்கிறோம்.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் கார்டைத் தட்டிப் பார்த்தார். "வளையல தம்பி. உரசுனதுக்குப் பெயின்ட் அடிச்சா போதும்."

"அண்ணே, பெயின்ட் இல்ல. இது ஏன் தரையில படுதுன்னு கேக்குறேன்."

"நீ ஏன் அவ்வளவு சாய்ச்ச?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அவரே தொடர்ந்தார். அவரிடம் வரும் வண்டிகளில் முக்கால்வாசி நின்ற இடத்தில் விழுந்தவை. சைடு ஸ்டாண்டு நழுவி, பார்க்கிங்கில் யாரோ இடித்து, மணலில் கால் வழுக்கி. கார்டு இருந்த வண்டிக்குப் பெயின்ட். இல்லாத வண்டிக்கு டேங்க், கியர் லீவர், கிளட்ச் லீவர், சில சமயம் எஞ்சின் மூடி. "வருசத்துக்கு ஒரு தடவ உரசுற வளைவுக்காக, மாசத்துக்கு ஒரு தடவ விழுற பார்க்கிங்க விட்டுருவியா?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. போலீஸ்காரர்களுக்கு மோட்டார்சைக்கிள் பயிற்சி கொடுக்கும் இடங்களில் கூம்புகளுக்கு நடுவே மெதுவாக நெளிந்து ஓட்டப் பழக்குவார்கள். வண்டி விழுவது அங்கே சாதாரணம். அந்த வண்டிகள் கார்டு இல்லாமல் ஒரு வாரம் தாங்காது.

ஆனால் அவரே ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு வண்டியைக் காட்டினார். வேகமாகச் சறுக்கிய வண்டி. கார்டு ஏதோ மேட்டில் மாட்டியிருக்கிறது. டேங்க் தப்பியிருந்தது, விளக்கு தப்பியிருந்தது. கார்டைப் பிடித்திருந்த காது மட்டும் சேஸிஸிலிருந்து பிய்ந்து, சேஸிஸ் குழாயும் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. "கார்டு நல்லாத்தான் இருக்கு, பாரு" என்று சிரித்தார். தடிமனான கார்டு தான் வளையாது. வாங்கிய அடியை மாட்டியிருக்கும் இடத்துக்குக் கடத்திவிடும். சில வண்டிகளில் அந்த இடம் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டேதான்.

1981-இன் ஒரு வரி

மோதலில் கார்டு காலைக் காப்பாற்றுமா என்ற கேள்வியைக் கொஞ்சம் பெரிய அளவில் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு 1981-இல் வெளியிட்டது. ஹர்ட் ரிப்போர்ட் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, மேலும் 3,600 போலீஸ் அறிக்கைகளையும் அலசினார்கள். முடிவுகளின் பட்டியலில் கார்டைப் பற்றியும் ஒன்று உண்டு. அதன் சாரம்: கார்டு இருந்தால் கணுக்கால், பாதக் காயங்கள் குறைகின்றன, தொடை, முழங்கால், கீழ்க்கால் காயங்கள் அதை ஈடுகட்டும் அளவுக்குக் கூடிவிடுகின்றன, எனவே கார்டைப் பயனுள்ள காயத்தடுப்பாகக் கொள்ள முடியாது.

முதல் தடவை படித்தபோது எனக்குச் சாதகமாக ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று குதித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது அவ்வளவு குதிக்க இடமில்லை என்று தெரிந்தது. அது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஊர்திகளும் கார்டுகளும். ஆராய்ந்ததும் நிஜ விபத்துகளை. நின்ற இடத்தில் கவிழ்வதை இல்லை. என் கணுக்காலைக் கேட்டால் கார்டின் பக்கம்தான் பேசும். ஆனாலும் முழங்கால் விஷயம் உறைக்கிறது. எதிலாவது மோதி வண்டி சட்டென்று நின்றால் உட்கார்ந்திருப்பவர் நிற்பதில்லை, முன்னால் போகிறார். போகிற வழியில் காலுக்கு நேராக ஒரு இரும்புக் குழாயை நாமே நிறுத்தி வைத்திருக்கிறோம். நெடுந்தூரம் போகும்போது அதே குழாய் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கே முழங்கால் கூசுகிறது. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் தவறு ஓட்டியவருடையது. அதில் வழக்கமாகத் தென்பட்டவை அளவுக்கு மீறிய பிரேக்கால் சறுக்கியதும், வளைவில் வேகம் கூடியோ போதிய அளவு வளைக்காமலோ அகலப் போனதும். நடுக்கோட்டைத் தாண்டி ஓடிய அந்த நாலைந்து வண்டி நீளம் ஞாபகத்துக்கு வந்தது.

பழைய ஷூ

கடைசியில் சின்னதாக, எஞ்சினை ஒட்டி உயரத்தில் உட்காரும் ஒரு கார்டைத் தேடி மாட்டினேன். பலகை வைத்துப் பார்த்தால் ஆள் இல்லாமல் 44 டிகிரி. ஆணிகள் திரும்ப வந்துவிட்டன, அதே 42-இல். வரிசை சரியாகிவிட்டது. இரண்டு பேர் போவதென்றால் பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி இறுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறேன். அதற்கு வேண்டிய கொக்கிச் சாவி இத்தனை வருடமும் சீட்டுக்கு அடியிலேயேதான் இருந்திருக்கிறது.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மெத்தையை விரித்து, மேலே பலகை போட்டு, வண்டியை மெதுவாகப் படுக்க வைத்துப் பார்த்தேன். கால் இருக்கும் இடத்தில் பழைய ஷூ ஒன்றை வைத்திருந்தேன். பெரிய கார்டோடு படுக்க வைத்தபோது ஷூவை இரண்டு விரலால் உருவ முடிந்தது. சின்ன கார்டோடு, முன்பாதி வந்தது, குதிகால் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஷூவின் பின்பக்கம் நசுங்கியிருந்தது.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கால் மாட்டுமா, மாட்டாதா?"

"கொஞ்சம் மாட்டும்."

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பெரிய கார்டைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். விற்க மனம் வரவில்லை. பிசிறை மட்டும் அரத்தால் தேய்த்துவிட்டேன்.

போன மாதம் இரண்டு பேரும் போனோம். வேறு சாலை, வேறு வளைவு. நிதானமாகத்தான் போனேன் என்று நினைப்பு. உள்ளே இறங்கும்போது இடது காலுக்கு அடியில் கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம். ஃபுட்ரெஸ்ட் பாதத்தை லேசாக மேலே தள்ளியது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் தோளை உள்ளே இறக்கினேன். சத்தம் நின்றது, வண்டி தன் கோட்டிலேயே போனது. வளைவு முடிந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இது எது? கார்டா, ஆணியா?"

"ஆணி."

"சரி, கொஞ்சம் மெதுவாவே போங்க."